நாற்பத்தாறு வயதில் ஆங்கில வகுப்பு: என்ன செய்வார்கள், என்ன கிடைக்கும்?

உங்கள் கேள்வி இதுதான். அம்மாவுக்கு 46 வயது. எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். வியாசர்பாடியில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். பக்கத்துச் சமுதாயப் பள்ளியில் பெரியவர்களுக்கு மாலையில் இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறது. போக ஆசை, கூடவே கூச்சம். அங்கே என்னதான் செய்வார்கள், ஒரு வருடம் போனால் உருப்படியாக ஏதாவது வருமா, அதற்குப் பதிலாகப் பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சமுதாயப் பள்ளியிலேயே சேருங்கள். வடசென்னையில் இதே மாதிரி ஒரு மாலை வகுப்பில் நீண்ட காலமாகச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் எதை எதிர்பார்த்துச் சேர்கிறீர்கள் என்பது முக்கியம். சரளமாகப் பேசுவதை எதிர்பார்த்து வந்தால் மூன்றாவது மாதமே மனசு விட்டுப்போகும். இதுவரை மகனிடமோ மகளிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்துவந்த ஒரு வேலையை அம்மா தானே செய்ய ஆரம்பிக்கிறாரா என்று பாருங்கள். பெரியவர்கள் ஆங்கிலம் கற்பதை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவு அதுதான். நல்ல வகுப்பில் நடக்கும் எல்லாமே அதை நோக்கித்தான் நடக்கும்.

அதனால் எங்கள் வகுப்பில் முதல் வாரம் எழுத்தோ இலக்கணமோ எடுப்பதில்லை. ஆங்கிலம் தெரியாததால் எந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்போம். பேங்கிலிருந்து வரும் மெசேஜை மகள் காலேஜ் முடிந்து வந்ததும் படிக்கச் சொல்வேன் என்பார் ஒருவர். பேரனின் டைரியில் மிஸ் எழுதி அனுப்புவதை மாடி வீட்டு அக்காவிடம் காட்டுவேன் என்பார் இன்னொருவர். தெரியாத நம்பரிலிருந்து ஆங்கிலத்தில் பேசினால் போனை வைத்துவிடுவேன், மாத்திரை அட்டையில் எதை எப்போது போடுவது என்று மெடிக்கல் கடைக்காரரே பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பார், ஆன்லைனில் பொருள் வாங்கினால் பையன்தான் முகவரி அடிப்பான் என்று பட்டியல் நீளும். அளவு எடுக்காமல் ஜாக்கெட் வெட்டுவதில்லையே, அந்த மாதிரிதான் இது. இந்தப் பட்டியலை வைத்துத்தான் அந்த வருடத்துப் பாடத்தையே அமைப்போம். வருடக் கடைசியில் அதே தாளை எடுத்து, எதெல்லாம் இப்போது உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று டிக் செய்யச் சொல்வோம்.

மணிக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் ஏமாற்றுவது இங்கேதான். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொது அளவுகோலில் மொழித்திறன் ஆறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ1 முதல் படி, சி2 கடைசிப் படி. முதல் படியை எட்ட ஆசிரியரோடு சுமார் 90 முதல் 100 மணி நேரம், இரண்டாவது படியான ஏ2-க்கு மொத்தமாக 180 முதல் 200 மணி நேரம், தடுமாறினாலும் சமாளித்துப் பேசக்கூடிய பி1-க்கு 350 முதல் 400 மணி நேரம் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்லும் தோராயக் கணக்கு. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம், வருடத்தில் நாற்பது வாரம் வகுப்பு நடந்தால் 120 மணி நேரம் ஆகிறது. ஆக, அம்மா ஒரு வருடத்தில் முதல் படியைத் தாண்டி இரண்டாவதில் கால் வைத்திருப்பார். தன்னைப் பற்றிச் சொல்வார், மற்றவர் நிதானமாகப் பேசினால் கேட்டுப் பதில் சொல்வார், விலை, நேரம், தேதி, முகவரி எல்லாம் சமாளிப்பார். முப்பது நாளில் ஆங்கிலம் என்று போர்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். எழுத்தே மறந்துபோனவர்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் கூடுதலாகப் பிடிக்கும். உங்கள் அம்மா எட்டாவது வரை படித்தவர் என்பதால் எழுத்து சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கவும் இல்லை. சென்னையில் வாழும் ஒருவருக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே தெரியும் என்பது அவருக்கே தெரியாது. நாங்கள் செய்யும் ஆரம்ப வேலைகளில் ஒன்று, அவரவர் தொழிலில் புழங்கும் சொற்களைக் கரும்பலகையில் எழுதுவது. தையல்காரர் என்றால் ஹூக், ஜிப், லைனிங், பைப்பிங், பாபின், இன்ச் டேப், ஷோல்டர், கட்டிங், ஓவர்லாக் என்று சொல்லிக்கொண்டே போவார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர் வார்டு, டிரிப்ஸ், ஸ்கேன், டோக்கன், டிஸ்சார்ஜ் என்பார். ஆட்டோ ஓட்டுபவரிடம் சிக்னல், யூ டர்ன், ஒன் வே, மீட்டர், வெயிட்டிங் எல்லாம் இருக்கும். அரை மணி நேரத்தில் பலகையில் இடம் இருக்காது. இத்தனை நாள் எனக்கு இங்கிலீஷே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்காருவது அன்றைக்குத்தான்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அந்தச் சொற்களே நிரப்புகின்றன. தமிழோடு கலந்து அம்மா ஏற்கெனவே பேசும் சொற்களில் கணிசமானவை அந்தப் பட்டியலிலேயே இருக்கும். புதிதாகச் சேர்க்க வேண்டியது பெரும்பாலும் வினைச்சொற்களும், இன், ஆன், அட், ஃப்ரம் மாதிரியான சின்னச் சொற்களும்தான். நாம் பெயர்ச்சொற்களைக் கடன் வாங்கினோம், இந்த ஒட்டுச் சொற்களை விட்டுவிட்டோம். அதனால்தான் ஒருவருக்கு ஐந்நூறு ஆங்கிலச் சொல் தெரிந்தும் ஒரு வாக்கியம் வராமல் நிற்கிறது.

இனி வகுப்பில் நடக்கும் வேலைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் அதிக நேரம் போவது பெயர் எழுதுவதில்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். பெரியவர்கள் வகுப்பில் இதைவிடக் கனமான பாடம் கிடையாது. ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், ரேஷன் கார்டில் இன்னொன்று, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது என்று இருக்கும். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ழகரத்துக்கு இசட், எச் இரண்டையும் சேர்த்துப் போடுபவர் உண்டு, எல் மட்டும் போட்டு விட்டுவிடுபவரும் உண்டு. இனிஷியல் இன்னொரு சிக்கல். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்து, அப்புறம் கணவர் பெயரின் எழுத்து. ஆன்லைன் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு அப்படி ஒன்று இல்லை. ஏதாவது ஒரு அலுவலகத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பும் நாளில்தான் இது தெரியவரும். யாரோ எழுதிக் கொடுத்த ஸ்பெல்லிங், யாரோ டைப் செய்த ஸ்பெல்லிங். தன் பெயரையே தன்னால் சரிபார்க்க முடியாமல் முப்பது வருடம் இருந்திருக்கிறார்கள்.

அதனால் ஆவணங்களின் நகல்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடச் சொல்வோம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எந்த எழுத்துக்கு என்ன ஒலி என்ற பாடமெல்லாம் அதிலேயே முடிந்துவிடும். அப்புறம் போனில் ஸ்பெல்லிங் சொல்லும் பயிற்சி. ஒருவர் வகுப்பறைக்கு வெளியே நின்று போனில் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல, உள்ளே இருப்பவர் கேட்டு எழுத வேண்டும். பி, டி, வி மூன்றும் போனில் ஒன்றாகக் கேட்கும் என்பதால் ‘பி ஃபார் பாம்பே’ என்று சொல்லப் பழகிக்கொள்வார்கள். இதைக் கற்ற ஒரு அக்கா, தன் பெயரில் இருந்த பிழையை இ-சேவை மையத்துக்குத் தனியாகப் போய், திரையைப் பார்த்து, இந்த எழுத்து வேண்டாம், இது வேண்டும் என்று கைகாட்டித் திருத்திக்கொண்டு வந்தார். எங்கள் பள்ளியின் சாதனைகளில் முதல் வரிசையில் அதை நான் வைப்பேன்.

அடுத்து மருந்து அட்டை. எல்லோர் வீட்டிலும் பிரஷர் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ இருப்பதால் பாடப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. காலாவதித் தேதி எங்கே அச்சிடப்பட்டிருக்கும், மாதத்தைச் சுருக்கி மூன்று எழுத்தில் எப்படி எழுதுவார்கள், மில்லிகிராம் எண் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அதை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டபடி சாப்பிடுவதைக் குறைக்க 2016-இல் மத்திய அரசு இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றித் தனியாகப் பிரச்சாரமே செய்தது. இதைச் சொன்ன மறுநாள் நாலு பேர் வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். பாதி காலாவதியானவை.

கைபேசியில் வரும் குறுஞ்செய்திகள் இப்போது மருந்துக்குச் சமமான பாடமாகிவிட்டன. இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்கு அழையுங்கள் என்று ஆங்கிலத்தில் வரும் மோசடிச் செய்தி, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவரைத்தான் அதிகம் பயமுறுத்தும். டெபிட் என்றால் போனது, கிரெடிட் என்றால் வந்தது, ஓடிபி-யோடு ‘டு நாட் ஷேர்’ என்று ஏன் போட்டிருக்கிறது, அனுப்பியவர் இடத்தில் பேங்க் பெயர் இருக்கிறதா பத்து இலக்க எண் இருக்கிறதா, இதையெல்லாம் தினமும் ஒரு செய்தியைப் பலகையில் எழுதிப் படிப்போம். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை ஒவ்வொருவர் போனிலும் சேர்த்து வைப்போம். இது ஆங்கிலப் பாடமா என்று ஒரு முறை ஒருவர் கேட்டார். இதைவிட அவசரமான ஆங்கிலப் பாடம் எனக்குத் தெரியாது.

இப்படி உண்மையான காகிதத்தை வைத்துப் பாடம் நடத்துவது நாங்கள் கண்டுபிடித்த முறை ஒன்றும் இல்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் நம் பக்கத்துப் பள்ளிகளிலும் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடு, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்ற மாதிரி வேலைகளைக் கொடுத்து, அதைச் செய்யும்போதே மொழி படியட்டும் என்று விட்டார். பணி வழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் முறைக்கு அந்தச் சோதனை ஒரு முக்கியமான தொடக்கம். அது பிள்ளைகளுக்காக நடந்தது. பெரியவர்களுக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது, அவர்களிடம் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

வெளியே கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்த பிறகு அது எங்களுக்கு ஒரு நகரும் வகுப்பறையாகிவிட்டது. அறிவிப்பு முதலில் தமிழில் வரும், உடனே ஆங்கிலத்தில் வரும். ஒரே செய்தியை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துக் கேட்க இதைவிட நல்ல வசதி எங்கே கிடைக்கும்? நாலு ஸ்டேஷன் போவதற்குள் ‘நெக்ஸ்ட் ஸ்டேஷன்’, ‘டோர்ஸ் வில் ஓபன்’ எல்லாம் வாயில் வந்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போவோம். அது 1851-இல் தொடங்கியது. அதே வளாகத்தில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. செப்புத் திருமேனிகளுக்குக் கீழே எழுதியிருப்பதைத் தமிழில் ஒருவர் வாசிக்க, ஆங்கிலத்தில் இன்னொருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே பாட்டிகள் படக்கதைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு வரி வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைக்கு எடுக்கிறேன் என்ற சாக்கு இருப்பதால் கூச்சம் இல்லை.

பிள்ளைகளின் படிப்புதான் பெரும்பாலான பெண்களை வகுப்புக்குக் கொண்டுவருகிறது. அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்த தாய்க்கு ஆங்கில வழியில் படிக்கும் குழந்தை. வீட்டுப்பாடம் என்ன என்று குழந்தை சொன்னால்தான் தெரியும். அதனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தையே எங்கள் வாசிப்புப் பாடமாக வைத்திருக்கிறோம். டைரியில் டீச்சர் எழுதியதைப் படித்து, ஒரு வரி பதில் எழுதி, கையெழுத்துப் போடுவது தனிப் பயிற்சி. பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் நடித்துப் பார்ப்போம். ஒருவர் டீச்சர், ஒருவர் அம்மா. ‘ஹவ் இஸ் மை சன் இன் மேத்ஸ்?’ என்ற ஒரு கேள்வியைத் தைரியமாகக் கேட்டுவிட்டால் போதும், பதிலைத் தமிழில் வாங்கிக்கொள்ளலாம். அதில் தப்பே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

இலக்கணத்தில் தமிழர் எங்கே தடுமாறுவார்கள் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். தமிழில் ‘அவங்க டீச்சர்’ என்றால் வாக்கியம் முடிந்துவிடும், அதனால் ஆங்கிலத்திலும் இடையில் வரும் இஸ் விட்டுப்போகும். மரியாதைக்கு ‘அவங்க’ என்றே பேசிப் பழகியதால் ஹீ, ஷீ குழம்பும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது நம் பழக்கம், அதை முன்னால் தனியாக வைக்கக் கை வராது. வயதானவர்களுக்கு இன்னொரு சங்கடம்: டீச்சரைப் பார்த்து யூ என்று சொல்ல வாய் வராது. ‘மேடம் கம்’, ‘சார் சிட்’ என்றே தொடங்குவார்கள். இதையெல்லாம் நான் அவசரமாகத் திருத்துவதில்லை. பேச்சை நிறுத்தித் திருத்தினால் அடுத்த வாரம் அவர் வர மாட்டார். பேசி முடித்ததும் சரியான வாக்கியத்தை நானே ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உச்சரிப்பிலும் அப்படித்தான். பஸ்ஸு, இஸ்கூல் என்று வருவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், கேட்பவருக்குப் புரிகிறது. ஆனால் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மாறினால் காசு மாறும், அங்கே விடவே மாட்டேன். ஜாக்கெட் தைக்கும் கூலியைச் சொல்லும்போது இது உங்கள் அம்மாவுக்கு நேரடியாக உதவும்.

தமிழ் எழுத்தில் ஆங்கிலம் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கத்தை மட்டும் சீக்கிரம் விடச் சொல்லுங்கள். பை, முதுகு, மூட்டை கட்டுவது மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை நம் எழுத்தில் ‘பேக்’ என்றே எழுத வேண்டியிருக்கும். முதல் ஒரு மாதம் அது ஊன்றுகோல், அப்புறம் அதுவே கால்கட்டு. நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளைத் தமிழில் எழுதட்டும். வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று விதி போடும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். நாற்பது வயதுக்காரர் தமிழில் கேட்டுத் தெளிந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயத்துக்கு ஆங்கிலத்திலேயே அரை மணி நேரம் திண்டாடுவார்.

சென்டரா, சமுதாயப் பள்ளியா என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. கட்டணம் வாங்கும் சென்டர்களில் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான பாடம் நடக்கும். இன்டர்வியூ, குழு விவாதம், பவர்பாயின்ட். அந்தக் கூட்டத்தில் உங்கள் அம்மா தனியாகிவிடுவார். சமுதாயப் பள்ளியில் பக்கத்தில் உட்காருபவர் அவர் வயதுக்காரர், அவர் தெருக்காரர். வகுப்புக்கு வராத அன்றைக்கு வீட்டுக்கே வந்து என்ன ஆச்சு என்று கேட்பார். பெரியவர்கள் கற்பதில் பாதி இந்த உறவில்தான் நிற்கிறது. குறையும் உண்டு: தன்னார்வலர்கள் அடிக்கடி மாறுவார்கள், புதிதாக வருபவர் மறுபடி ஏ, பி, சி, டி-யிலிருந்து தொடங்குவார். அதனால் சேர்வதற்கு முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். டீச்சரின் குரலைவிடக் கற்பவர்களின் குரல் அதிகம் கேட்டால் அது நல்ல வகுப்பு.

ஆண்டு விழா பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சாதனை என்று அதைத்தான் நினைக்கிறார்கள். மேடையில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவது, சின்ன நாடகம், கையெழுத்து இதழ் எல்லாம் உண்டு. மனப்பாடம் செய்த பேச்சை நான் கற்றலாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் முன்னால், கணவர் முன்னால் மேடையேறிய பெண்ணை அதற்கப்புறம் வீட்டில் யாரும் வகுப்புக்குப் போகாதே என்று சொல்வதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே விழாவை விடாமல் நடத்துகிறோம். கையெழுத்து இதழில் அவரவர் சமையல் குறிப்பையோ தொழிலையோ ஐந்து வரியில் எழுதுவார்கள். பிழையோடு வந்தாலும் சொந்த வாக்கியம். மேடைப் பேச்சைவிட எனக்கு அதுதான் பெரிது.

உங்கள் அம்மாவின் கூச்சத்துக்கு ஒரு செய்தி. வளர்ந்த பெண்கள் பள்ளிக்கு வருவது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. இளம் விதவைகளை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்கவைத்துப் படிக்க வைத்த சகோதரி சுப்புலட்சுமி, 1942-இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்கென்றே ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்ற பள்ளியைத் தொடங்கினார். துர்காபாய் தேஷ்முக் 1937-இல் இங்கே நிறுவிய ஆந்திர மகிளா சபை, பள்ளிப் படிப்பை விட்ட பெண்களை மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார் செய்தது. தொண்ணூறுகளில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எழுதக் கற்ற பெண்களின் மகள்கள் இன்று எங்கள் வகுப்பில் ஆங்கிலம் கற்கிறார்கள்.

இடையில் நின்றுபோகும் ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்னால் தையல் வேலை குவியும், உங்கள் அம்மாவால் வர முடியாது. அக்டோபரிலிருந்து மழை. மார்ச்சில் பிள்ளைகளின் தேர்வு. யாராக இருந்தாலும் வருடத்தில் இரண்டு மூன்று முறை விட்டுப்போகும். விட்டுப்போனால் பரவாயில்லை, திரும்பி வர வேண்டும். அந்த இடைவெளியில் வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: வரும் குறுஞ்செய்தியை நீங்கள் படித்துச் சொல்லாமல் அவரையே படிக்கவிடுங்கள். மெதுவாகத்தான் வரும். பொறுமையாக இருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். வகுப்பை விட்டு நின்றவர்களிடம் காரணம் கேட்டால் பாடம் கஷ்டம் என்று சொல்பவர்கள் குறைவு. வீட்டில் பையன் சிரித்தான் என்று சொன்னவர்கள் அதிகம்.

ஒரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டால் பத்தாம் வகுப்பு எழுதுவதைப் பற்றி யோசிக்கலாம். தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது, அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்ய வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். அதில் ஐந்து பாடம், பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும், ஒரு முறைக்கு ஒன்றிரண்டு பாடமாக எழுதி முடிக்கலாம். வேலையோடு படிக்கும் தையல்காரருக்கு இரண்டாவது வழி பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். எங்கள் வகுப்பிலிருந்து பத்தாவது முடித்தவர்கள் எல்லோரும் கடைசிவரை பயந்தது ஆங்கிலத் தாளுக்குத்தான்.

முதல் நாள் ஒரு கோடு போட்ட நோட்டு, கைபேசி, ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொண்டு போகட்டும். அதற்கு முன் கண்ணையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. எழுத்து மண்டையில் ஏறவில்லை என்று என்னிடம் வருந்திய பலருக்குத் தேவைப்பட்டது ஒரு படிக்கும் கண்ணாடிதான். எழும்பூரில் 1819-இலிருந்து இயங்கும் அரசு கண் மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை. ஊசியில் நூல் கோக்க அம்மா ஏற்கெனவே யாரையாவது கூப்பிடுகிறார் என்றால் வகுப்பில் சேர்ப்பதற்கு முன்பே அங்கே அழைத்துப் போய்விடுங்கள்.